வெயில் நமது, வருவாய் எவரது?

இராசபாளையத்தை அடுத்து, தளவாய்புரத்துக்குப் பக்கத்திலே இருக்கிறது செட்டியார்பட்டி. பேரூராட்சிதான்; பெரிய ஊரன்று. மேற்கே மலைத்தொடர், தெருவிலே தையல் எந்திரங்களின் ஓசை, தலைக்கு மேலே வெயில். மழைக்குப் பஞ்சம் வருவதுண்டு, வேலைக்குப் பஞ்சம் வருவதுண்டு. வெயிலுக்கு மட்டும் அந்தச் சீமையிலே என்றுமே பஞ்சமில்லை.

சென்ற திங்கள் அங்கே நண்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். முப்பதாண்டுக் காலம் நூற்பாலையிலே பஞ்சுத் தூசியை உண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். சேமநிதிப் பணத்திலே கட்டிய வீடு. மேலே சிறிய மொட்டை மாடி. "மாடிக்கு வாருங்கள், என் அறியாமையைக் காட்டுகிறேன்" என்று அழைத்தார். ஏறிப் பார்த்தேன். இரும்புக் கால்கள் மீது சூரியத் தகடுகள் வரிசையாக நின்றன. புத்தம் புதியவை, மேலே மட்டும் தூசி படிந்திருந்தது. "எவ்வளவு மின்சாரம் தருகிறது?" என்று கேட்டேன். சிரித்தார். அந்தச் சிரிப்பிலே சினமும் இருந்தது, வெட்கமும் இருந்தது.

மாசியிலே தகடு பதித்தார்கள். ஆடி பிறந்தும் மீட்டர் மாறவில்லை. நெட் மீட்டர் எனப்படும் இருவழி மீட்டர் வந்து பொருந்தும்வரை அந்தத் தகடுகளைப் பொறுத்தவரை வெயிலடித்தாலும் ஒன்றுதான், அமாவாசையானாலும் ஒன்றுதான். ஆனால் வங்கிக்கு அமாவாசை கிடையாதே! வாங்கிய கடனுக்கு மாதத் தவணை முதல் மாதமே தொடங்கிவிட்டது. மின் கட்டணமும் பழையபடியே வருகிறது. இல்லாத மின்சாரத்துக்குத் தவணை, இருக்கிற மின்சாரத்துக்குக் கட்டணம். மின்சாரச் செலவைக் குறைக்க வந்த திட்டத்தின் பயனாக அவர் இரண்டு செலவு செய்கிறார்!

தகடு விற்ற நிறுவனத்தாரைக் கேட்டால், "மின்வாரியத்திலே தாமதம்" என்கிறார்கள். அலுவலகத்திலே கேட்டால், "நிறுவனத்தார் இன்னும் சான்றிதழ் தாக்கல் செய்யவில்லை" என்கிறார்கள். கையெழுத்து வாங்கும்வரை நாளுக்கு மூன்று முறை "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று அழைத்த முகவரின் கைப்பேசி இப்பொழுது அண்ணாச்சியின் எண்ணைக் கண்டாலே வாய் மூடிக்கொள்கிறது.

நண்பர்மீது குறை சொல்ல என் மனம் இடங்கொடுக்கவில்லை. அவர் பேராசைக்காரர் அல்லர். ஈரோட்டுப் பக்கத்திலே ஈமுக்கோழி வளர்த்தால் மாதந்தோறும் பணம் கொட்டும் என்று சொன்னார்களே, 2012இல் அந்தக் குட்டு உடைந்து ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றார்களே, அத்தகைய ஏமாற்று அன்று இது. அங்கே பொருளே பொய். இங்கே பொருள் மெய். கதிரவன் பொய் சொல்வதில்லை. தகடும் பொய் சொல்வதில்லை. ஒரு கிலோவாட் தகடு நம் நாட்டு வெயிலிலே நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும், அதிலே ஐயமில்லை. மெய்யான பொருளுக்கும் அதை வாங்கும் மனிதனுக்கும் நடுவிலே நிற்கின்ற ஏற்பாடு இருக்கிறதே, பழுது அங்கேதான்.

ஏற்பாட்டைச் சற்று விளக்கமாகவே பார்ப்போம். 2024 பிப்ரவரித் திங்களில் ஒன்றிய அரசு 'பிரதமரின் சூரிய வீடு' திட்டத்தை அறிவித்தது. 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு. ஒரு கோடி வீடுகள் குறிக்கோள். முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய் என மானியம். ஆக, மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் அமைப்போருக்கு 78,000 ரூபாய். பிணையில்லாமல் வங்கிக் கடன். பதிவு பெற்ற நிறுவனத்தாரிடமே வாங்க வேண்டும். ஐந்தாண்டுப் பராமரிப்பு அவர்கள் பொறுப்பு. ஏட்டிலே எல்லாம் செம்மை! இனி, பணம் எந்த வரிசையிலே நடக்கிறது என்று பாருங்கள். முன்பணம் முதலிலே நிறுவனத்துக்குப் போகிறது. வங்கிக் கடன், நண்பரின் கைக்கு வராமலே, நிறுவனத்தின் கணக்குக்குப் போகிறது. தகடு ஏறுகிறது. மீட்டர் பொருத்தி, மின்வாரியம் ஆய்ந்து, இணைப்பு முடிந்ததாகப் பதிவான பின்னரே மானியம் நுகர்வோரின் கணக்குக்கு வருகிறது.

இந்த வரிசையை மறுமுறை படியுங்கள், தோழர்களே! தகடு ஏறிய அன்றே நிறுவனத்தார்க்கு வரவேண்டியது ஏறக்குறைய முழுவதும் வந்துவிட்டது. மீட்டர் வந்தாலென்ன, வராவிட்டாலென்ன, அவர்களுக்கு இழப்பு யாது? வங்கிக்குத் தவணை வருகிறது. அரசுக்கு, 'இத்தனை வீட்டிலே தகடு ஏறிற்று' என்று சொல்லிக்கொள்ளக் கணக்குக் கிடைக்கிறது. மீட்டர் மாறாவிட்டால் இழப்பவர் ஒருவரே. அவர்தாம் மூவரையும் நம்பிக் கையெழுத்திட்ட வீட்டுக்காரர். நம் நண்பரின் 78,000 இன்னும் தில்லியிலேயே இருக்கிறது.

சட்டம் இல்லாமலில்லை. மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தி 2024 பிப்ரவரி 22ஆம் நாள் வெளியிட்டார்கள். பத்துக் கிலோவாட் வரை முறையாக விண்ணப்பித்தாலே ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளவேண்டும். அமைத்து முடித்ததற்கான சான்றிதழ் வந்த 15 நாளுக்குள் மீட்டர் வைத்து இணைப்புத் தரவேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். முன்பு 30 நாள், இப்பொழுது 15. நன்று. ஆனால் சான்றிதழைத் தாக்கல் செய்ய வேண்டியவர், பணம் பெற்றுக்கொண்டு அடுத்த ஊர் மாடிக்கு ஏறிவிட்டவர் அல்லவா? அவர் தாக்கல் செய்யாதவரை அந்த 15 நாளிலே முதல் நாளே பிறப்பதில்லை!

இனி முகவர் சொன்ன கணக்குக்கு வருவோம். "மூன்று கிலோவாட் போடுங்கள், நான்கே ஆண்டில் முதல் திரும்பும், பிறகு இருபது ஆண்டுக்கு இலவசம்" என்றாராம். விலை இரண்டு இலட்சம். மானியம் வந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள், கைப்பொறுப்பு 1,22,000. நண்பரின் வீட்டுச் செலவு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட். தமிழ்நாட்டிலே 2016 முதல் எல்லா வீட்டுக்கும் முதல் 100 யூனிட் இலவசம். மிச்சம் 200. அதையும், 2024 ஜூலைக் கட்டணப்படி 400 யூனிட் வரைக்குமான 4 ரூபாய் 80 காசு வீதத்திலே முழுதும் கட்டுகிறார் என்றே மிகையாகக் கொண்டாலும், இரண்டு மாதத்துக்கு 960 ரூபாய். ஆண்டுக்கு 5,760. அத்தனையும் மிச்சமானாலும் 1,22,000 திரும்ப 21 ஆண்டு ஆகும். வட்டியைச் சேர்க்காமல்! நண்பருக்கு இப்பொழுது அகவை அறுபத்திரண்டு.

அதே தெருக்கோடியிலே ஒரு மாளிகை. குளிர்சாதனம் மூன்று, இரண்டு மாதத்துக்கு 900 யூனிட். அங்கே 400க்கு மேற்பட்ட ஒவ்வொரு யூனிட்டும் 6 ரூபாய் 45 காசிலே தொடங்கி, 8.55, 9.65, 10.70 என்று படிப்படியாக ஏறும். மூன்று கிலோவாட் தகடு இரண்டு மாதத்தில் தரக்கூடிய 720 யூனிட்டைக் கழித்தால், அந்த வீட்டுக்கு ஒவ்வொரு முறையும் ஐயாயிரத்துக்குக் குறையாமல் மிச்சம். ஆண்டுக்கு முப்பதாயிரம். நான்காண்டிலே முதல் திரும்பும்; முகவர் வாக்கு அங்கே பலிக்கும். ஆகவே முகவர் சொன்னது முழுப் பொய்யன்று. மாளிகையின் கணக்கை எடுத்துவந்து மண்வீட்டிலே ஒப்பித்தார்! ஒரே துண்டறிக்கை, ஒரே வாசகம், இரண்டு வாசலிலும். நண்பருக்கு ஒரு கிலோவாட்டே தேவைக்கு மிஞ்சியது. மூன்று கிலோவாட்டைத் தலையிலே கட்டினார்கள். மிச்ச மின்சாரம் கணக்கிலே வரவு வைக்கப்படுமே தவிர, முகவர் சொன்னதுபோல மாதா மாதம் நோட்டாகக் கைக்கு வருவதில்லை.

"கரண்டு போனாலும் உங்கள் வீட்டிலே மட்டும் விளக்கெரியும்" என்றும் சொன்னாராம். இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வேதனை வந்தது. மின்கலம் இல்லாமல், வாரியக் கம்பியோடு இணைத்து அமைக்கும் இந்த வகையிலே, கம்பியில் மின்சாரம் நின்றால் இன்வெர்ட்டரும் தானே நின்றுவிடும். நிற்கத்தான் வேண்டும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் தொழிலாளியின் உயிர் அதிலே இருக்கிறது. மாடித் தகட்டிலிருந்து பாயும் மின்சாரம் அவரைக் கொன்றுவிடாமலிருக்கவே அந்த அமைப்பு. உச்சி வெயிலிலே, தகடு தகதகக்க, உள்ளே மின்விசிறி நிற்கும். இதைச் சொல்லி விற்றால் வாங்குபவர் ஒருகணம் தயங்குவார். தயங்கினால் முகவரின் தரகு போய்விடும். எனவே சொல்வதில்லை. பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழல் ஒரு தகட்டிலே விழுந்தால் அந்த வரிசை முழுவதுமே விளைச்சல் குறையும் என்பதையும் சொல்வதில்லை; தகட்டைக் கழுவ வேண்டும் என்பதையும் சொல்வதில்லை. ஆனால் 25 ஆண்டு உத்தரவாதம் என்பதை மட்டும் ஒன்பது முறை சொல்கிறார்கள்.

25 ஆண்டு! தகடு செய்யும் ஆலை தரும் உறுதி அது. விற்கும் நிறுவனம் பிறந்தே இரண்டாண்டு ஆகவில்லை. நாளைக்கு இருக்குமோ இராதோ! செல்வச் சீமை எனப்படும் அமெரிக்காவையே பாருங்கள். 1985இல் தொடங்கிய சன்பவர் நிறுவனம் 2024 ஆகஸ்டிலே திவாலானது. சன்னோவா என்னும் மற்றொரு பெரு நிறுவனம் 2025 ஜூனிலே திவாலானது. பத்திரத்தைக் கையிலே வைத்திருந்த குடும்பங்கள், பழுதுக்கு யாரை அழைப்பது என்று திகைத்தன. தகட்டுக் கடன் கொடுத்த நான்கு நிறுவனங்கள் மறைமுகக் கட்டணத்தை விலையோடு சேர்த்து மக்கள் தலையிலே ஏற்றின என்று மின்னசோட்டா மாநில அரசின் தலைமை வழக்கறிஞர் 2024இல் வழக்கே தொடுத்தார். வாசலுக்கு வந்து இனிக்க இனிக்கப் பேசுகிறவர் அங்கேயும் உண்டு போலும். ஆங்கிலத்தில் பேசுவார், அவ்வளவே.

அவ்வளவு தொலைவு ஏன்? நம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். 2013இல் 'டீம் சோலார்' என்ற பெயரிலே சூரிய மின்சாரம் அமைத்துத் தருவதாகப் பணம் வாங்கி ஏமாற்றிய வழக்கு வெடித்து, அந்த ஆண்டு ஆகஸ்டிலே திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தைப் பெருந்திரளான மக்கள் முற்றுகையிடும் அளவுக்குப் போயிற்று. அதை நடத்தியவர்களில் ஒருவருக்குக் கோழிக்கோட்டு நீதிமன்றம் 2021இல் ஆறாண்டுச் சிறை விதித்தது. இடையிலே எட்டாண்டு! ஆட்சியை உலுக்கிய வழக்கே எட்டாண்டு நடந்ததென்றால், செட்டியார்பட்டி ஆலைத் தொழிலாளியின் மனு எத்தனை ஆண்டு நடக்கும் என்ற அச்சத்திலேதான் பலர் வாய் திறப்பதில்லை.

அதே கேரளத்திலிருந்து நல்ல பாடமும் உண்டு, மறைப்பது முறையன்று. 'சௌரா' என்ற திட்டத்திலே அம்மாநில மின்வாரியமே பொறுப்பேற்றது. வாரியமே முதலிட்டு வீட்டுக் கூரையிலே தகடு அமைத்து, விளையும் மின்சாரத்திலே ஒரு பங்கைக் கூரைக்குரியவருக்கு அளிக்கும் வகையும் அதிலே வைத்தார்கள். பழுதுபட்டால் கேட்க ஓர் அலுவலகம் உண்டு. அது ஊரை விட்டு ஓடாது.

மின்வாரியமா, அதிலே தாமதமில்லையா, கையூட்டில்லையா என்று கேட்பீர்கள். உண்டு, கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். பைக்காராவிலே 1932இல், மேட்டூரிலே 1937இல், பாபநாசத்திலே 1944இல் மின்சாரம் எடுத்தார்களே, அது எவர் முதல்? 1957 ஜூலை முதல் நாள் மின்வாரியம் அமைந்து, கரிசல் காட்டுக் கிணற்றடிக்கெல்லாம் கம்பம் நட்டு வந்ததே, அன்றைக்கு உழவனிடம் எவராவது, "நீயே ஒரு முகவரைப் பிடி, நீயே கடன் வாங்கு, நீயே கம்பி இழு, இழுத்து முடித்தபின் மானியம் தருகிறோம்" என்று சொன்னார்களா? சொல்லியிருந்தால் நம் பாட்டன்மார் சிமினி விளக்கிலேயே கண் மூடியிருப்பார்கள். கம்பம் பொதுவுடைமையாக இருந்ததனாலே குடிசைக்கும் வெளிச்சம் வந்தது. இன்றைக்குக் கூரை மின்சாரத்தைத் தனித்தனி மனிதனின் சந்தைப் பொருளாக்கிவிட்டார்கள். கான்கிரீட்டுக் கூரை உள்ளவன், கடன் வாங்க வழியுள்ளவன், ஆங்கிலப் பத்திரத்தைப் படிக்கத் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான். ஓட்டு வீட்டுக்காரனும் வாடகைக்குக் குடியிருப்பவனும் கணக்கிலேயே இல்லை.

இத்தனைக்கும் நம் அரசுக்குப் பொறுப்பான ஒப்பந்தம் எழுதத் தெரியாது என்று எவரும் சொல்ல இயலாது. பக்கத்து இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியிலே 648 மெகாவாட் சூரிய மின்னிலையம் 2016இல் எழுந்தது. அதானி குழுமத்தாருடையது. அந்த மின்சாரத்தை யூனிட் 7 ரூபாய் 1 காசு விலையிலே 25 ஆண்டுக்கு வாங்கிக்கொள்வதாக 2015 ஜூலையிலேயே ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தார்கள். தகடு ஏறுமுன்பே விலை உறுதி, காலம் உறுதி, வாங்குவோர் உறுதி! கோடீசுவரருக்குக் கால் நூற்றாண்டு உறுதி எழுதித் தர முடிந்த கைகளுக்கு, மில் தொழிலாளிக்கு 15 நாளிலே ஒரு மீட்டர் மாட்டித்தர முடியாதா?

ஏழைக்குச் சூரிய விளக்குத் தருவதும் புதிய நினைப்பன்று. 2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்திலே 300 சதுர அடி வீடும் அதிலே ஐந்து சூரிய விளக்கும் தந்தார்கள். விளக்குகள் எரிந்தன, பிறகு பல வீட்டிலே மின்கலம் செத்தது, மாற்றித்தர ஆளில்லை. நான் பார்த்த ஒரு வீட்டிலே மின்கலப் பெட்டி கோழிக்கூண்டாகியிருந்தது. அமைப்பது ஒரு நாள் வேலை, காப்பது இருபதாண்டு வேலை என்ற பாடத்தை அன்றே படித்திருக்க வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது சூரியத் தகடு வேண்டாம் என்பதன்று. கேட்பது வேறு. இருவழி மீட்டர் பொருந்தி ஓடும்வரை விலையிலே ஒரு பெரும்பகுதியை வங்கி நிறுத்திவைக்கட்டும். நிறுவனத்தார் சான்றிதழைத் தாமாகவே தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள்! முதல் தவணை, மீட்டர் ஓடிய மாதத்துக்கு அடுத்த மாதமே பிறக்கட்டும். ஒப்பந்தம் தமிழிலே எழுதப்படட்டும். நண்பர் கையெழுத்திட்ட பத்திரம் பதினொரு பக்கம், அத்தனையும் ஆங்கிலம். அதிலே தம் பெயரை மட்டுமே அவரால் படிக்க முடிந்தது, அதையும் தவறாக எழுதியிருந்தார்கள். விற்கவருகிறவர், அந்த வீட்டின் கடந்த ஆறு மின் பட்டியல்களைப் பார்த்து, இந்த வீட்டுக்கு இத்தனை கிலோவாட் போதும், இத்தனை ஆண்டிலே முதல் திரும்பும் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கட்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, தமிழ்நாடு மின்பகிர்மானக் கழகமே தெருத்தெருவாக இந்த வேலையை ஏற்கட்டும். ஒன்றிய அரசின் திட்டத்திலேயே மின் நிறுவனம் பல வீடுகளைத் திரட்டித் தானே அமைத்துத் தரலாம் என்ற வழியும் இருக்கிறது; புதிதாகச் சட்டம் இயற்ற வேண்டியதும் இல்லை.

நேர்மையாக வேலை செய்யும் நிறுவனத்தாரும் உண்டு என்று சிலர் எழுதுவீர்கள். உண்டு, அறிவேன். அவர்களுக்கு இந்தக் கோரிக்கைகளால் குறையொன்றும் வாராது. உச்சிப்பொழுதிலே மாடியேறி இரும்புக் கால் நட்ட இளைஞர்களைப் பற்றியும் நமக்குப் புகாரில்லை; அவர்களும் தினக்கூலிகளே, அவர்களுக்கும் பாக்கி வைத்துவிட்டுத்தான் அந்த முகவர் மறைந்தார் என்று நண்பர் சொன்னார்.

நண்பரிடம் நான் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எந்த ஊரிலே இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். நமக்கு அது திருவில்லிபுத்தூர்; விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் அங்கேதான் அமர்கிறது. ஐந்து இலட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமில்லை. வழக்கறிஞர் வைத்தே தீரவேண்டும் என்பதுமில்லை. குறை தோன்றிய நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் மனுச் செய்தாக வேண்டும். "இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்" என்று நிறுவனத்தார் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு இந்த இரண்டாண்டும் ஒரு காரணம். பணம் கட்டிய சீட்டு, துண்டறிக்கை, கைப்பேசியிலே வந்த செய்திகள், தகடு ஏறியபின் வந்த மின் பட்டியல்கள் யாவும் சான்றாகும். எதையும் எறிந்துவிடாதீர்கள். மீட்டர் மாறாத நிலையிலே, "சும்மா போட்டுப் பாருங்கள்" என்று எவராவது சொன்னால் கேளாதீர்கள். பழைய மீட்டர்களிலே சில, வெளியே போகும் மின்சாரத்தையும் உள்ளே வந்ததாக எண்ணிக் கட்டணத்தை ஏற்றிவிடும்.

நண்பர் எழுந்து போய், அரிசிப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்துவந்தார். எல்லாச் சீட்டும் இருந்தன. முகவர் கொடுத்துப்போன நாட்காட்டிகூட இருந்தது, அதன் அட்டையிலே நிறுவனத்தின் பெயரும் புன்னகைக்கும் ஒரு குடும்பத்தின் படமும். வரும் புதன்கிழமை மனு எழுத உட்காருகிறோம். அதே தெருவிலே இன்னும் நான்கு வீட்டார் தத்தம் பைகளோடு வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். தளவாய்புரத்திலும் சேத்தூரிலும் இப்படித் தகடு ஏறி மீட்டர் ஏறாத வீடுகள் எத்தனை என்று கிளைத் தோழர்கள் கணக்கெடுத்து, பணம் கட்டிய நாளையும் தகடு பதித்த நாளையும் குறித்து எழுதியனுப்புங்கள்.